அளவுக்குழல்

வேட்டை இலக்கியத்தை விரும்பி வாசித்தவர்களுக்குத் துப்பாக்கிகளின் பெயர்கள் கதைமாந்தரின் பெயர்களைப் போலவே நினைவில் தங்கிவிடும். கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர். ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. தி.ஜ.ர. மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’ நூலைப் பள்ளி நாட்களில் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமான துப்பாக்கி இவை இரண்டுமல்ல. ‘ஜங்கிள் லோர்’ நூலில், கார்பெட் சிறுவனாக இருந்தபோது முதன்முதலாக அவர் கைக்கு வந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வருகிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகை. அதன் ஒரு குழல் பிளந்து போயிருந்தது. கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஓர் இடறல் உண்டாகும். பிளந்த குழல் என்ற சொற்களைச் சாதாரணமாகக் கடந்து செல்ல என்னால் இயல்வதில்லை. அதன் காரணத்தைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு அருகில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அப்போது அது தென்னாற்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டமாகி, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டமாகிவிட்டது. ஊர் நகரவில்லை, முகவரி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் நீலமாக மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அது பச்சையாகி, கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதைப் போலத் தோன்றும்.

என் தாத்தா மணியக்காரர். கிராம அதிகாரிப் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழிக்கும் வரை ஊரின் வரவுசெலவும் வழக்குகளும் எங்கள் திண்ணையில்தான் நடந்தன. அவரிடம் உரிமத்துடன் கூடிய ஒரு துப்பாக்கி இருந்தது. பயிர்க்காப்புக்கென்று வழங்கப்பட்ட உரிமம். கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போட்டிருப்போம். (வேறு மாவட்டத்து நண்பர்களுக்கு: நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.) காய் முற்றும் தறுவாயில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கும். ஓர் இரவில் கால் காணி நிலத்தை உழுதுபோட்டுவிடும். பன்றி தின்பதைக் காட்டிலும் கிளறிக் கெடுப்பதுதான் அதிகம். மரவள்ளிக்கும் இதே கதிதான். சங்க காலத்துக் குறிஞ்சிப் பெண்கள் பரண்மேல் இருந்து தினைப்புனம் காத்ததைப் பாடம் நடத்தும்போது தமிழாசிரியர் மெய்மறந்து போவார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் முந்தைய இரவு பரணில் தகரம் தட்டிவிட்டு வந்தவர்கள். அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் துப்பாக்கி தாத்தாவின் தந்தைக்காக ஒரு கொல்லர் செய்து கொடுத்தது. நான்கடிக்குக் குறையாத ஒற்றைக் குழல். வாகை மரத்துக் கட்டை. குதிரை என்று சொல்லப்படும் சுத்தியல் பகுதி மட்டும் எங்கோ விலைக்கு வாங்கிப் பொருத்தப்பட்டது. இன்றைய தோட்டாத் துப்பாக்கிகளில் குழலின் உள்விட்டம் ஓர் எண்ணால் குறிக்கப்படும். அந்த எண்ணுள்ள தோட்டா எந்தக் கடையில் கிடைத்தாலும் பொருந்தும். எங்கள் துப்பாக்கிக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. கொல்லர் கைக்கு வந்த அகலமே அதன் அகலம். உலகில் அதற்கு இணையான இன்னொரு குழல் இல்லை. ஆகவே அதற்கு எவ்வளவு மருந்து, எத்தனை குண்டு, எவ்வளவு அடைப்பு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. துப்பாக்கியிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொள்ளுத் தாத்தா அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட விடை, வெள்ளாட்டுக் கொம்பின் நுனியில் செய்த சிறு குப்பியாக எங்கள் வீட்டில் இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதை நிறைத்து, மேலே விரலால் வழித்துவிட்டால் ஒரு வேட்டுக்கான கருமருந்து. உரிமம் பெற்ற கடையில் வாங்கிவந்த மருந்து ஒரு தகரப் புட்டியில் இருக்கும். குப்பி அந்தப் புட்டியின் கழுத்தில் நூலில் தொங்கும்.

1979ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அந்தக் குப்பியை நான் கிணற்றில் போட்டுவிட்டேன்.

*

எனக்கு அப்போது பதினொரு வயது. விளையாட்டாக நூலை அவிழ்த்து எடுத்துப்போய், கிணற்றின் தோணிக்கல்லில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தபோது கை வழுக்கியது. தாத்தா அடிக்கிறவர் அல்லர். பேச்சை நிறுத்திக்கொள்கிறவர். அது அடியைவிடப் பெரிய தண்டனை. பயத்தில் நான் செய்த காரியம், கொல்லையில் கிடந்த ஒரு மூங்கில் துண்டை நினைவில் இருந்த அளவுக்கு வெட்டி, கரியும் எண்ணெயும் தடவிப் பழையதைப் போலாக்கி, அதே நூலில் கட்டித் தொங்கவிட்டது. நினைவில் இருந்த அளவுக்கு என்று சொன்னேன். அது முழு உண்மையன்று. கொஞ்சம் கூடுதலாகவே வெட்டினேன். மருந்து கூடினால் வேட்டு பலமாக இருக்கும், பன்றி உடனே விழும், தாத்தா மகிழ்வார் என்று என் புத்திக்குத் தோன்றியது.

தாத்தாவுக்கு மாலை மங்கினால் கண் சரியாகத் தெரியாது. பரணில் லாந்தரைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கைப்பழக்கத்தில்தான் துப்பாக்கியைக் கெட்டிப்பார். மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து, ஐந்து ஈயக் குண்டுகளை உருட்டிவிட்டு, மறுபடியும் நார். புதிய குழலின் நீளம் அவருடைய விரல்களுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அன்று ஏனோ தட்டுப்படவில்லை.

வேட்டுச் சத்தம் வீடு வரை கேட்டது. அது வழக்கமான சத்தமில்லை என்பது பாட்டிக்கே தெரிந்து, வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். சற்று நேரத்தில் தாத்தா தோள்பட்டையைத் தடவியபடி வந்தார். பன்றி விழவில்லை, இரத்தம் இருக்கிறது, மலைப்பக்கம் ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மலையிலிருந்து ஒருவரை அழைத்துவர ஆள் போயிற்று. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். தாத்தா அவரைக் கவுண்டரே என்று அழைப்பார். அவர் தாத்தாவை மணியக்காரரே என்பார். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976இல்தான் முழுமையாக அரசின் கீழ் வந்தது. அந்த மூன்றாண்டுகளில் வந்த ரேஞ்சர்களையும் தாசில்தார்களையும் பற்றி அவர் வேடிக்கையாகச் சொல்வதைக் கேட்கத் தாத்தா எப்போதும் காத்திருப்பார். அன்று இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கவுண்டர் இரத்தத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“வயித்துல பட்டிருக்கு மணியக்காரரே. சீக்கிரம் சாவாது.”

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீயும் வா” என்றார்.

முதல் நாள் முழுவதும் நடந்தோம். கோமுகி ஆற்றின் ஓடைகளில் ஒன்றைப் பிடித்து ஏறி, மூங்கில் புதர்களுக்குள்ளும் கடுக்காய் மரங்களுக்கு அடியிலும் சுற்றி, இருட்டியபின் ஒரு மலைக்கிராமத்தில் தங்கினோம். சாமைச் சோறு போட்டார்கள். என்னால் விழுங்க முடியவில்லை. களைப்பினால் என்று எண்ணிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் ஓடைச் சேற்றில் அது படுத்திருந்ததைக் கண்டோம். பின்கால் ஒன்று தொங்கிப் போயிருந்தது. வயிற்றுக் காயத்தில் ஈ மொய்த்தது. எங்களைக் கண்டு எழ முயன்றது. முன்னங்கால்களால் மட்டும் தன்னை இழுத்துக்கொண்டு இரண்டு முழம் நகர்ந்தது. அது எழுப்பிய ஒலியை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

தாத்தா மருந்துப் புட்டியை எடுத்துக் குழலில் கவிழ்க்கப் போனார். பகல் வெளிச்சம். அப்போதுதான் அதைப் பார்த்தார். விரல்களுக்கிடையில் ஒருமுறை உருட்டினார். பிறகு நூலை அறுத்து அதை மடியில் செருகிக்கொண்டார். கவுண்டர் ஒன்றும் கேட்கவில்லை. தன் உள்ளங்கையை நீட்டி, அதில் ஒரு ஈயக் குண்டை வைத்து, “இது மறையற வரைக்கும் கொட்டுங்க, போதும்” என்றார். அளவு தெரியாத துப்பாக்கிக்கு மலையில் அவர்கள் வைத்திருந்த கணக்கு அது. ஐரோப்பியக் குடியேறிகள் அமெரிக்கக் காடுகளிலும் இதே கணக்கை வைத்திருந்தார்கள் என்று வெகுகாலம் கழித்து ஒரு நூலில் வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நெருங்கிப் போய்ச் சுட்டார். முடிந்தது.

*

வீடு திரும்பியபின் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் காலையில், “வாடா, துப்பாக்கிக்கு அளவு எடுக்கணும்” என்று கூப்பிட்டார். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்கள் நாங்கள் இருவரும் செய்த வேலையைத்தான் பொறுமை என்ற சொல்லுக்குப் பொருளாக நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

புதிதாக ஒரு மூங்கில் குழலைக் கவுண்டர் கொண்டுவந்து கொடுத்தார். நன்கு முற்றி உலர்ந்தது. அதன் அடியிலிருந்து மேலே தள்ளக்கூடிய ஒரு மரத்தக்கையைத் தாத்தா செதுக்கிப் பொருத்தினார். தக்கையை ஏற்றினால் குழலின் கொள்ளளவு குறையும்; இறக்கினால் கூடும். இறக்குவதற்கு அவர் வைத்திருந்த அலகு ஒரு நெல்லின் பருமன். குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு நெல்லாக இறக்கிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து கீழே வரக்கூடாது. “கொறச்சு தொடங்குனா தப்புப் பண்ணாலும் பொழச்சுக்கலாம்” என்றார். அந்தப் பத்து நாட்களில் என் குற்றத்தை மிக நெருங்கிவந்து தொட்ட வாக்கியம் அதுதான்.

களத்துமேட்டில் பழைய ஈச்சம்பாய் ஒன்றைக் கழியில் கட்டி நிறுத்தினோம். இருபத்தைந்து அடி எட்டு. சுட்டபின் ஓடிப்போய் ஐந்து ஓட்டைகளையும் பார்த்து, கரியால் வட்டமிட வேண்டியது என் வேலை. குறைந்த அளவில் குண்டுகள் ஒன்றுகூடி விழுந்தன. ஆனால் பாய்க்குப் பின்னால் வைத்த பூவரசம் பலகையில் தைக்காமல் உதிர்ந்தன. இரண்டு நெல், மூன்று நெல் இறக்கியதும் பலகையில் தைத்தன. மேலும் இறக்க இறக்க, ஒரு கட்டத்தில் ஓட்டைகள் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கின. மருந்து கூடியபோது குண்டுகளின் பின்னால் எழும் உந்துதல் அடைப்பைக் கிழித்துக்கொண்டு அவற்றைக் கலைத்துவிடுகிறது. பலம் கூடக்கூடக் குறி கெடுகிறது. என் மூங்கில் குழல் அந்த இரவில் செய்தது அதைத்தான் என்று யாரும் சொல்லாமலேயே எனக்கு விளங்கியது.

இன்னொரு சோதனையும் வைத்திருந்தார். துப்பாக்கி வாய்க்கு முன்னால் தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டுச் சுடுவார். குழல் எரித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் மருந்து போட்டால், எரியாத துகள்கள் கருப்பாக வேட்டியில் சிதறிக் கிடக்கும். வீட்டில் எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்க்கும் பாட்டி, வேட்டி பாழானதைக் கண்டு கத்தினார். தாத்தா சிரித்த ஒரே தருணம் அது.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேட்டுகளுக்கு மேல் சுடமாட்டார். நானோ ஒரே நாளில் முடித்துவிடத் துடித்தேன். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சும். அது குழலின் உள்ளே படிந்து அடுத்த வேட்டின் குணத்தை மாற்றிவிடும். ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவேற்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஆறவிட்டுத்தான் அடுத்தது. “பன்னி நமக்கு ரெண்டாவது வேட்டுக்கு நிக்காது. ஆறின குழல்ல மொத வேட்டு எங்க போவுதுன்னுதான் பாக்கணும்” என்பார்.

ஓர் அளவில் ஐந்து ஓட்டைகளும் அழகாக ஒரு முறத்துக்குள் அடங்கின. நான் குதித்தேன். அவர் அசையவில்லை. மறுநாள் அதே அளவில் இன்னொரு வேட்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒருமுறை சரியாக வந்தது தெய்வச்செயல், நான்கு முறை வந்தால்தான் நம் செயல் என்பது அவருடைய கட்சி. நான்காவது நாள் தக்கையின் இடத்தைக் கீறி அடையாளம் வைத்து, அதற்குச் சமமாக ஒரு சிறு மூங்கில் குழலை அறுத்து, மருந்துப் புட்டியின் கழுத்தில் கட்டினார். பழைய கொம்புக் குப்பி கிணற்றில் கிடக்கிறது என்பதை அன்று மாலை நான் அழுதுகொண்டே சொன்னேன். “தெரியும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

*

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டில், நான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மென்பொருள் வேலையில் இருந்தேன். உடன் பணிபுரிந்த ஒரு நண்பர் ஆண்டுக்கொருமுறை எல்க் எனப்படும் பெருமான் வேட்டைக்குப் போகிறவர். தனக்கென்று ஒரு கைவினைஞரிடம் சொல்லி ரைஃபிள் செய்துகொண்டிருந்தார். 7×57 மௌசர் என்ற தோட்டாவுக்கானது. கார்பெட்டின் .275 ரிக்பி என்பது அதே தோட்டாவின் ஆங்கிலேயப் பெயர் என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊர்க் கிளை நூலகம் அந்த மலைநாட்டு வாகனக் கொட்டகைக்குள் வந்து நின்றதைப் போலிருந்தது.

அவர் கடைத் தோட்டாக்களை வாங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய தோட்டா அது. இன்னும் புழக்கத்தில் இருக்கும் பழைய, வலுக்குறைந்த துப்பாக்கிகளையும் மனத்தில்கொண்டு அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதை மென்மையாகவே தயாரிக்கின்றன. புதிய உருக்கில் செய்த துப்பாக்கிக்கு அது போதாது. மேலும் ஒரு கைவினைஞர் கடைந்த அறை இன்னொருவர் கடைந்ததைப் போல இராது. எனவே ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடுகளையே எடுத்து, சுத்தம் செய்து, புதிய கேப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, தோட்டாமுனையை அழுத்திச் செருகுவார். சுடும்போது கூடு விரிந்து அந்த அறையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். கால்விரலுக்கேற்ப இளகிய பழஞ்செருப்பைப் போல அது அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு காலத்தில் பார்லி, கோதுமை மணிகளை வைத்துக் கணக்கிட்டது. ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். அவரோ ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை மின்தராசில் பார்த்தார். கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் உச்ச அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவார். சிறிது சிறிதாக ஏற்றுவார். ஒவ்வொரு படியிலும் ஐந்து தோட்டாக்கள். மூன்று தோட்டாக்கள் ஒட்டி விழுந்தால் நம்பாதே, மூன்றுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்றார். ஆறிய குழலில் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதைத் தனி நோட்டில் குறித்து வைத்திருந்தார். வெயிலில் காய்ந்த தோட்டாவின் அழுத்தம் கூடுவதையும் கணக்கில் கொண்டார். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் வெப்பத்துக்காகவே மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகத் தயாரித்தார்கள் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார். எனக்கு இவை எதுவும் புதிதாக இல்லை. நெல்மணிக்குப் பதிலாக மின்தராசு, ஈச்சம்பாய்க்குப் பதிலாகத் தாள், வெள்ளை வேட்டிக்குப் பதிலாகத் தோட்டாவின் வேகத்தை அளக்கும் ஒரு கருவி. அவ்வளவே வேறுபாடு.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். காயம்பட்ட விலங்கைத் தேடி ஒருமுறை மூன்று நாட்கள் நடந்திருக்கிறேன், கிடைக்கவில்லை என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு ஒருநாள் ஓர் அளவில் கேப்பின் முகம் தட்டையாகி நசுங்கியிருந்ததைக் காட்டினார். அழுத்தம் எல்லையைத் தொடுகிறது, இதற்குமேல் போகக்கூடாது என்பதன் அறிகுறி. இந்தத் தோட்டா வெடிக்கும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். கருமருந்தின் அழுத்தம் இதைவிட மிகக் குறைவுதான். ஆனால் நல்ல உருக்கைத் தாங்கிக்கொள்ளச் செய்யும் கணக்கு கொல்லர் அடித்த இரும்புக்குப் பொருந்தாது, அதன் பற்றவைத்த விளிம்பில் ஒரு பிளவு இருந்தால் கொஞ்சம் கூடுதல் மருந்தே போதும் என்று சொல்லிக்கொண்டே போனார். குழல் பிளந்தால் எங்கே பிளக்கும் என்று கேட்டேன். கன்னத்தை ஒட்டி, கண்ணுக்கு அருகில், இடதுகை ஏந்தியிருக்கும் இடத்தில் என்று தன் முகத்தில் தொட்டுக் காட்டினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுநாள் வரை நான் அந்தப் பன்றிக்காக மட்டுமே வருந்திக்கொண்டிருந்தேன். பரணில் லாந்தர் வெளிச்சத்தில் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த தாத்தாவை, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. என் மூங்கில் குழல் அவரைக் கொன்றிருக்கலாம். எந்தக் கணக்கிலும் சேராத அந்தக் கொல்லர் தேவைக்குமேல் இரும்பை விட்டு அடித்திருந்தார். அதனால் அவர் பிழைத்தார். ‘தெரியும்’ என்ற சொல்லுக்குள் இதுவும் இருந்திருக்கிறது. இதைச் சொல்லிப் பதினொரு வயதுப் பையனின் தலையில் ஏற்ற வேண்டாமென்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

*

தாத்தா 1989இல் காலமானார். உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வீட்டில் எவரும் முன்வராததால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்ற ஏற்பாட்டையே 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி அதற்கு முன்பும் தனி அனுமதி வேண்டும். தாத்தா அதை எவ்வளவு தூரம் பின்பற்றினார் என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை. அவர் பரணேறிய நாட்களை நான் நியாயப்படுத்த வரவில்லை. காட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் அமைதியை நான் விரும்புகிறேன்.

ஆனால் பன்றிகள் இன்னும் இறங்குகின்றன. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்கிறது. அடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலங்கள் அந்தத் தொலைவுக்குள் வருவதில்லை. மலையில் கள்ளத்தனமாக வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. சில துப்பாக்கிகள் ஊருக்கு வெளியே கிடப்பதாகச் செய்தி வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், கல்வராயன் மலை என்றாலே சாராயமும் துப்பாக்கியும்தான் என்பதாகச் செய்தித்தாள் வாசிப்போருக்கு ஆகிவிட்டது. உள்ளங்கையில் ஒரு குண்டை வைத்து, அது மறையும் வரை போதும் என்று சொன்ன மனிதரின் மலை அது என்பதை யாரிடம் சொல்வது?

2013இல் பாகப்பிரிவினைக்காகப் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரண்மேல் இருந்த தாத்தாவின் தகரப்பெட்டியை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். கிஸ்தி ரசீதுகள், மூக்குக்கண்ணாடி, செல்லாத காலணாக்கள். அடியில் ஒரு துணிமுடிச்சு. அவிழ்த்தால் இரண்டு மூங்கில் குழல்கள், ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒன்று நாங்கள் பன்னிரண்டு நாட்கள் அளந்து அறுத்தது. மற்றொன்று நான் வெட்டியது. கரியும் எண்ணெயும் தடவி நான் செய்த பழமை இன்னும் அதில் அப்படியே இருந்தது.

இரண்டையும் மேசைமேல் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். என்னுடையது உயரம். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்பி, சமையலறைக்குப் போய் நெல் கேட்டேன். வீட்டில் நெல் இல்லை. இப்போதெல்லாம் அரிசியாகத்தானே வாங்குகிறோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிடி வாங்கிவந்து, சிறிய குழலின் தலைமேல் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து அடுக்கினேன்.

ஒன்பது நெல்.